உடைமை மாறினால் ஊழியம் மாறுமா?

முதலாளி, தொழிலாளி என்னும் இரு சொற்களும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. முதலை ஆள்பவர் முதலாளி; தொழிலை ஆள்பவர் தொழிலாளி. ‘ஆளி’ என்னும் பகுதி இரண்டிற்கும் பொது. ஒருவர் மேல், மற்றவர் கீழ் என்னும் பொருள் இச்சொற்களின் அமைப்பில் இல்லை. ஒருவரிடம் முதல் இருக்கிறது. மற்றவரிடம் தொழில் இருக்கிறது. இரண்டும் ஓர் உடன்பாட்டால் கூடுகின்றன.

முதல் விற்பனைக்கு உரியது. நிலம், ஆலை, கடை, பங்கு ஆகியவற்றை இன்று ஒருவர் விற்கலாம். நாளை மற்றொருவர் வாங்கலாம். ஆனால், அம்முதலோடு தொழிலாளியும் சேர்ந்து விலைபோகின்றாரா? புதிதாக வந்தவர், “இனி இப்படித்தான்; இல்லையேல் வெளியே போகலாம்” என்று சொன்னால், அச்சொல்லுக்கு எல்லை உண்டா? அவ்வெல்லை எது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். தோட்டப் பள்ளிகளில் பணிபுரிவோர் அப்படிக் கேட்கமாட்டார்கள். தோட்டம் கைமாறும்போது புதிய நிருவாகம் கொடுத்த தாளைக் கையிலேந்திக்கொண்டு பெற்றோர் முதலில் வருவது பள்ளிக்கே. “ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது? கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்பார்கள். அத்தாளைப் பிழையின்றிப் படித்துப் பொருள் சொல்வதும் ஒரு கல்விப் பணியேயாம்.

துண்டாடல் தந்த பாடம்

நம் நாட்டுத் தமிழர் இவ்வினாவை மிகக் கடுமையாக எதிர்கொண்டது 1950களிலும் 1960களிலும் ஆகும். 1957இல் மலாயா விடுதலை பெற்றது. அதனையொட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் சில, தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. அவற்றை மொத்தமாக வாங்கியவர்களிற் பலர் தோட்டம் நடத்தும் எண்ணமுடையவர் அல்லர். முழுத் தோட்டமாக வாங்கி, சிறு சிறு நிலங்களாகப் பிரித்து விற்றால் இலாபம் மிகுதி என்பதே அவர்கள் கணக்கு. இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது.

துண்டாடப்பட்ட நிலத்தில் தொழிலாளியின் நிலை யாதாயிற்று? பழைய கம்பெனியில் அவருக்கு வேலை இருந்தது. லயத்தில் வீடு இருந்தது. மருந்தகம், பள்ளி, கோயில் யாவும் அத்தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. வேலை போனபோது இவை யாவும் ஒருசேரப் போயின. சிலருக்கு வேலை கிடைத்தது. ஆயினும் குத்தகைக்காரரின் கீழ், குறைந்த கூலிக்கு, முந்திய உரிமைகள் இல்லாமல் கிடைத்தது. பேராசிரியர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை விரிவாக ஆராய்ந்து, அதன் தீமைகளை எடுத்துக்காட்டினார்.

இதற்குத் தமிழர் கண்ட விடைகள் இரண்டு. ஒன்று, தொழிற்சங்கம். 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. நாராயணன் அதன் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தார். மற்றொன்று, கூட்டுறவு. 1960இல் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பங்கின் விலை நூறு வெள்ளி. தொழிலாளி அதனை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். மறு ஆண்டே, நம் பினாங்கிற்கு அண்மையில் கெடா மாநிலத்தில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. தோட்டத்தை வேறெவரோ வாங்கி நம்மை ஆள்வதற்குமுன் நாமே வாங்கிவிடுவோம் என்பது அம்முயற்சியின் உட்பொருள். தொழிலாளியே முதலாளியும் ஆவது என்னும் எண்ணம் செயலில் நின்றது.

இருவகைக் கைமாற்றம்

கைமாற்றம் என்று பொதுவாகச் சொல்கின்றோம். சட்டத்தின் கண்ணில் அஃது இருவகைப்படும். இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் குழப்பம் பெரிது.

முதல் வகை, பங்கு கைமாறுதல். 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி கம்பெனியின் பங்குகளை நம் நாட்டின் பெர்மொடாலான் நேஷனல் நிறுவனம் சில மணி நேரத்தில் வாங்கிக் கம்பெனியைத் தன்வசமாக்கியது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு வாணிகக் குடும்பத்தின் பெயர் தாங்கிய கம்பெனி அது. காலையில் ஓர் உடைமையாளர். நண்பகலில் வேறோர் உடைமையாளர். ஆயினும் வேலை கொடுத்த கம்பெனி அதே கம்பெனியே. மரம் வெட்டிய தொழிலாளியின் ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பங்கு மட்டும் கைமாறிய இடத்தில், “புதிய முதலாளி வந்துவிட்டார், ஆகவே பழைய ஒப்பந்தம் முடிந்தது” என்று எவரேனும் சொன்னால் அக்கூற்றுப் பொருந்தாது.

இரண்டாம் வகை, தொழிலே கைமாறுதல். ஒரு கம்பெனி தன் தோட்டத்தையோ ஆலையையோ வேறொரு கம்பெனிக்கு விற்கின்றது. இங்கு வேலை கொடுப்பவரே மாறுகின்றார். துண்டாடல் இவ்வகையைச் சேர்ந்தது. இங்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படுகின்றது.

பினாங்குத் தீவில் உள்ளோர் இவற்றைத் தோட்டக் கதை என்று ஒதுக்க வேண்டுவதில்லை. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையில்லா வாணிக வட்டாரத்தில் தொடக்கத்திலேயே வந்த ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தின் மின்னணுப் பாகப் பிரிவு 1999இல் எஜிலென்ட் ஆயிற்று. 2005இல் அவாகோ ஆயிற்று. ஏஎம்டி நிறுவனத்தின் பினாங்கு ஆலையில் 85 விழுக்காட்டுப் பங்கு 2016இல் ஒரு சீன நிறுவனத்திற்குச் சென்றது. இவற்றில் குறை நேர்ந்தது என்று நாம் கூறவரவில்லை. தோட்டத்தை விட்டு வந்த பேரப்பிள்ளைகளின் தலைமுறையிலும் உடைமை மாற்றம் தொடர்கிறது என்பதை நினைவூட்டவே கூறுகின்றோம்.

தொழிலாளி பண்டம் அல்லர்

தொழிலாளியின் இசைவின்றி அவரை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றித்தர இயலுமா? 1940இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை இவ்வினாவிற்கு விடையளித்தது. டான்காஸ்டர் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி ஒன்று மற்றொரு கம்பெனியோடு இணைக்கப்பட்டது. நோக்ஸ் என்னும் தொழிலாளி வேலைக்கு வராதிருந்தமைக்காகப் புதிய கம்பெனி அவர்மேல் வழக்குத் தொடுத்தது. தாம் அக்கம்பெனியின் ஊழியர் ஆகவே இல்லை என்பது அவர் வாதம். சபை அவர் பக்கம் நின்றது. தாம் யாரிடம் ஊழியம் செய்வது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமைதான் ஊழியனையும் கொத்தடிமையையும் வேறுபடுத்துகின்றது என்பது அட்கின் பிரபுவின் கருத்து.

இந்தியாவில் வேறொரு சிக்கல் எழுந்தது. பார்சி இலகு இரயில்வேயை 1954ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பழைய கம்பெனி தன் ஊழியர்களை விலக்கியது. அவ்விலக்கத்திற்கு இழப்பீடு உண்டா என்னும் வழக்கில், அப்போதிருந்த சட்டச் சொற்களின்படி இல்லையென்று 1956இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, தொழில் கைமாறும்போது ஊழியர்க்கு இழப்பீடு உண்டு என்று புதிய விதி சேர்த்தது. ஊழியம் இடையறாமல், நிலைமை குறையாமல் புதியவர் ஏற்றுக்கொண்டால் மட்டும் இழப்பீடு வேண்டா என்பது அவ்விதியின் சாரம்.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

மலேசியத் தீபகற்பத்திற்குரிய 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ், 1980இல் பணிநீக்க உதவித்தொகை விதிகள் இயற்றப்பட்டன. அவ்விதிகளில் உடைமை மாற்றம் பற்றித் தனியே கூறப்பட்டுள்ளது. அதன் சாரத்தை மூன்றாகப் பகுக்கலாம்.

ஒன்று: தொழிலை வாங்கியவர், கைமாறிய ஏழு நாளுக்குள், முந்திய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளோடு வேலையைத் தொடர முன்வர வேண்டும். அத்தகைய அழைப்பை ஊழியர் தக்க காரணமின்றி மறுத்தால் உதவித்தொகை பெறும் உரிமையை இழப்பார்.

இரண்டு: ஊழியர் ஏற்றுக்கொண்டால், பழைய முதலாளியிடம் செய்த ஊழியக் காலமும் புதியவரிடம் செய்ததாகவே கணக்கிடப்படும். இடையறவு இல்லை.

மூன்று: புதியவர் அவ்வாறு அழைக்காவிடில், வேலை ஒப்பந்தம் முடிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். உதவித்தொகைக்குப் பழையவரும் புதியவரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாவர்.

தொகை எவ்வளவு? ஓராண்டு முதல் ஈராண்டுக்கு உட்பட்ட ஊழியத்திற்கு ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியம். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டதற்குப் பதினைந்து நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆயின் இருபது நாள். 2023 முதல் இச்சட்டம் எல்லா ஊழியர்க்கும் விரிந்துள்ளது. எனினும் உதவித்தொகை போன்ற சில உரிமைகள் மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத ஊதியம் பெறுவோர்க்கே உரியவை. அதற்கு மேற்பட்டோர் தம் ஒப்பந்தத்தையே நோக்க வேண்டும்.

தொழிற்சங்க உடன்பாடு உள்ள இடத்தில் மற்றொரு பாதுகாப்பும் உண்டு. 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி, தொழில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு உடன்பாடு, முதலாளியின் பின் வருபவரையும் கட்டுப்படுத்தும். ஆகவே புதிய நிருவாகம், “அந்த உடன்பாடு பழையவர் செய்தது, எங்களுக்குத் தொடர்பில்லை” என்று எளிதிற் சொல்லிவிட முடியாது.

ஒரு கணக்கு

சட்டம் இவ்வளவு காப்புத் தந்தும் ஏமாற்றம் எங்கே புகுகின்றது? பெரும்பாலும் ஒரு தாளின் வழியாகப் புகுகின்றது. “பழைய கம்பெனியிலிருந்து நானே விலகுகிறேன்” என்று ஒரு தாள். “புதிய கம்பெனியில் இன்று முதல் சேர்கிறேன்” என்று மற்றொரு தாள். இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்து. வேலை அதே வேலை, இடம் அதே இடம், ஊதியமும் அதுவே. ஆகவே இழப்பு ஒன்றும் இல்லை என்று தோன்றும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 70 வெள்ளி பெறும் ஒருவர் 12 ஆண்டு உழைத்தவர் என்று கொள்வோம். அவரைப் பணிநீக்கம் செய்தால், ஆண்டுக்கு 20 நாள் வீதம் 240 நாள் ஊதியம், அதாவது 16,800 வெள்ளி அவருக்கு உரியது. எட்டு வாரம் முன்னறிவிப்பும் உரியது. ஆண்டு விடுப்பு 16 நாள். மருத்துவ விடுப்பு 22 நாள்.

மேற்கண்ட இரு தாள்களிலும் அவர் கையெழுத்திட்டுவிட்டால், ஏட்டின்படி அவர் புதிய ஆள். பத்து மாதம் கழித்து விலக்கப்பட்டால், ஓராண்டு நிறையாமையால் உதவித்தொகை ஒன்றுமில்லை. முன்னறிவிப்பு நான்கு வாரமாகச் சுருங்கும். ஆண்டு விடுப்பு 8 நாளாகவும், மருத்துவ விடுப்பு 14 நாளாகவும் குறையும். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு இரண்டு கையெழுத்தில் மறைந்துபோகும். இத்தகைய தாளின் உள்நோக்கத்தை ஆராய்ந்து நீதிமன்றம் நீதி வழங்குதல் கூடும். ஆனால் தானே கையெழுத்திட்ட ஒன்றைத் தானே மறுத்து வாதாடுவது நெடிய வழி, கடிய வழி. கையெழுத்திடுமுன் கேட்கும் ஒரு கேள்வி அவ்வழியை மிச்சப்படுத்தும்.

முறையான மாற்றமும் முறையற்ற கோரிக்கையும்

புதிய முதலாளி சொல்வன யாவும் அநீதி என்று கொள்வதும் தவறு. தொழிலை நடத்தும் உரிமை அவருக்கு உண்டு. பெரட்டு எடுக்கும் இடத்தை மாற்றலாம், புதிய கிராணியை வைக்கலாம், கணக்கு எழுதும் முறையை மாற்றலாம், சீருடை தரலாம், புதிய இயந்திரத்தைப் பழகச் சொல்லலாம். பழக்கம் கெடுகின்றது என்பதனால் மட்டும் உரிமை கெட்டதாகாது.

ஒரு கோரிக்கை எத்தகையது என்று அறிய மூன்று வினாக்கள் போதும்.

முதல் வினா: அது சட்டம் இட்ட கீழெல்லைக்கும் கீழே போகின்றதா? வாரத்திற்கு 45 மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலையைக் கூலியின்றிச் செய்யச் சொல்வதும், 2025 முதல் மாதம் 1,700 வெள்ளியாக உள்ள குறைந்தபட்ச ஊதியத்திற்குக் கீழே கொடுப்பதும் இவ்வகை. வேலைச் சட்டம் தரும் உரிமையைவிடக் குறைந்த நிபந்தனை, ஊழியர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும் செல்லாது.

இரண்டாம் வினா: அது ஒப்பந்தத்தின் அடிப்படையை மாற்றுகின்றதா? ஊதியத்தைக் குறைத்தல், பதவியை இறக்குதல், ஒப்பந்தத்தில் இடமில்லாதபோது தொலைவூருக்கு மாற்றுதல் ஆகியன இவ்வகை. இங்குத் தேவை ஊழியரின் இசைவு.

மூன்றாம் வினா: அது கடந்த காலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கின்றதா? மேலே கண்ட இரு தாள்களும் இவ்வகை.

மூன்றுக்கும் ‘இல்லை’ என்பது விடையாயின், அக்கோரிக்கை கசப்பாக இருக்கலாம். முறையற்றது என்று சொல்வதற்கில்லை. இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. முதலாளி நேரடியாக விலக்காமல், ஊழியர் தாமே விலகும்படி செய்வதும் ஒருவகைப் பணிநீக்கமே என்று நம் சட்டம் ஏற்கின்றது. ஆயினும் 1988இல் வோங் சீ ஹோங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. முதலாளி நடந்துகொண்டது நியாயமற்றது என்று காட்டினால் மட்டும் போதாது. அவர் ஒப்பந்தத்தின் ஆணிவேரை அறுத்தார் என்று காட்ட வேண்டும். நியாயமின்மை வேறு, ஒப்பந்த மீறல் வேறு. இதனை அறியாமல் சினங்கொண்டு வேலையை விட்டு வெளியேறியவர், வேலையையும் வழக்கையும் ஒருங்கே இழப்பார்.

செய்யத் தக்கவை

திருவள்ளுவர் இருபக்கத்தாருக்கும் அறிவுரை வைத்துள்ளார். கொடுங்கோன்மை அதிகாரத்தில், அதிகாரத்தைக் கையிற்கொண்டு ஒருவன் கேட்பதை, வழியில் வேலேந்தி நின்று பறிப்பவன் கேட்பதற்கு ஒப்பிடுகின்றார். இஃது ஆள்வோர்க்கு. மன்னரைச் சேர்ந்தொழுதல் அதிகாரத்தில், வலியவரிடம் பழகுவோர் தீக்காய்வார்போல் மிக அகலாமலும் மிக அணுகாமலும் நிற்க வேண்டும் என்கின்றார். இஃது ஊழியர்க்கு. இவ்விரண்டாம் நெறியை இன்றைய வாழ்வில் பின்வருமாறு கைக்கொள்ளலாம்.

முதலாவது, சான்றுகளைத் திரட்டுதல். பணி நியமனக் கடிதம், ஊதியச் சீட்டுகள், ஊழியர் சேமநிதிக் கணக்கு, விடுப்புக் கணக்கு ஆகியவை வீட்டில் ஓர் உறையில் இருக்க வேண்டும். கைமாற்றச் செய்தி காதில் விழுந்த அன்றே இதனைத் தொடங்க வேண்டும். பழைய அலுவலகம் மூடிய பின் அவ்வேடுகள் கிடைப்பது அரிது.

இரண்டாவது, எழுத்தில் கேட்டல். வாய்மொழியாக வந்த கோரிக்கையைப் பணிவான கடிதமாகத் திருப்பிக் கேட்கலாம்: “தாங்கள் நேற்றுக் கூறியதை இவ்வாறு புரிந்துகொண்டேன்; எழுத்தில் தர வேண்டுகிறேன்.” முறையற்ற கோரிக்கைகளிற் பல, எழுத்தில் கேட்டவுடன் தாமே தளர்ந்துவிடும்.

மூன்றாவது, தாளைப் பெறுதல் வேறு, ஒப்புதல் வேறு என்று உணர்தல். படித்துப் பார்க்க அவகாசம் கேட்பது குற்றமன்று. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகவே கையெழுத்து என்றால், அதனையும் கையெழுத்தின் அருகிலேயே எழுதிவிட வேண்டும்.

நான்காவது, செய்துகொண்டே மறுத்தல். முறையான கட்டளையா அன்றா என்னும் ஐயம் உள்ள இடத்தில், வேலையை நிறுத்தினால் கீழ்ப்படியாமை என்னும் குற்றம் நம்மேல் வரும். வேலையைச் செய்துகொண்டே, “இதற்கு நான் இசையவில்லை” என்று உடனே கடிதம் தர வேண்டும். பல மாதம் வாய்மூடியிருந்தால், அதனை இசைவு என்றே பிறர் கொள்வர். சட்டத்திற்குப் புறம்பான செயலுக்கு இவ்விதி பொருந்தாது. உயிருக்கு உடனடி ஆபத்து உள்ள இடத்திலிருந்து விலகும் உரிமையும், 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தால் ஊழியர்க்கு உண்டு.

ஐந்தாவது, கூடிச் செய்தல். ஒருவர் கேட்டால் அவர் குழப்பக்காரர். நாற்பதுபேர் ஒரே கடிதத்தில் கேட்டால் அது கோரிக்கை. சங்கம் இருந்தால் அதன்வழிச் செல்ல வேண்டும்.

ஆறாவது, வாயிலையும் நாளையும் அறிதல். ஊதியம், விடுப்பு, உதவித்தொகை பற்றிய முறையீடு தொழிலாளர் இலாகாவிற்கு உரியது. நீக்கப்பட்டவர் மீண்டும் வேலை கோரும் முறையீடு தொழிலுறவு இலாகாவிற்கு உரியது. அதற்குக் கெடு 60 நாள். அறுபத்தோராம் நாள் எவ்வளவு நியாயத்தோடு சென்றாலும் பயனில்லை.

ஆசிரியர் செய்யக்கூடியது

நம் பள்ளிகளில் கடிதம் எழுதக் கற்பிக்கின்றோம். விடுமுறை விண்ணப்பம், நூல் வேண்டிக் கடிதம், நண்பனுக்கு வாழ்த்து என்று ஆண்டுதோறும் அவையே வருகின்றன. மேல்வகுப்பு மாணவர்க்கு மேலும் இரண்டு கடிதங்களைக் கற்பிக்கலாம்: விளக்கம் வேண்டி எழுதும் கடிதம் ஒன்று, பணிவோடு இசைவு மறுக்கும் கடிதம் ஒன்று. தமிழிலும் தேசிய மொழியிலும் அவற்றை எழுதப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் எந்த முதலாளியின் முன்னும் கைகட்டி நிற்கவேண்டுவதில்லை. கைநீட்டிச் சண்டையிடவும் வேண்டுவதில்லை.

பெற்றோர் தாளோடு வரும்போது நாம் செய்யத்தக்கது மூன்று. எழுதியிருப்பதை உள்ளவாறு படித்துச் சொல்லுதல். அதில் ‘விலகுகிறேன்’, ‘புதிதாகச் சேர்கிறேன்’, ‘முந்திய உரிமை எதுவும் கோரமாட்டேன்’ என்னும் சொற்கள் உளவா என்று காட்டுதல். இருப்பின், கையெழுத்திடுமுன் சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ கேட்கும்படி அனுப்புதல். தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. படிக்கத் தெரியாமையால் ஒருவர் தம் உழைப்பின் கணக்கை இழந்துவிடாமற் காப்பது நம் வேலையே.

கத்ரியின் பெயர் 2007இல் சைம் டார்பி இணைப்பில் பின்தங்கி, 2024இல் எஸ்டி கத்ரி என மீண்டும் வந்தது. பெயர்கள் போகும், வரும். இரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கின்றது. செம்பனை நின்ற நிலத்தில் வீடுகள் எழுகின்றன. முதல் இவ்வாறு உருமாறிக்கொண்டே இருக்கும். அஃது அதன் இயல்பு. தொழிலை ஆள்பவர் தம் தொழிலின் கணக்கைத் தம் கையில் வைத்திருப்பாராயின், எந்தக் கைமாற்றத்திலும் அவர் தொழிலாளியாகவே நிற்பார்; விற்ற பொருளோடு சேர்த்து எண்ணப்படும் பண்டமாக மாட்டார்.